கிச்சன் உண்டு, பெட்ரூம் உண்டு... ஸ்டெப்னி மட்டும் இல்லை! மோட்டார்ஹோம் பயணங்களின் 80 கிலோ கேள்வி

`கேரவன்' என்றதும் நமக்கு சினிமா ஷூட்டிங்தான் நினைவுக்கு வரும். நடிகர், நடிகைகள் மேக்கப் போட்டுக்கொள்ளவும் ஓய்வெடுக்கவும் ஸ்பாட்டில் நிற்கும் ஏ.சி வண்டி. அமெரிக்காவில் இது குடும்பங்களின் வண்டி. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தம்பதி முதல், ஸ்கூல் லீவில் பிள்ளைகளோடு யெல்லோஸ்டோனுக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் கிளம்பும் பெற்றோர் வரை, பலரும் மோட்டார்ஹோமில்தான் ஊர் சுற்றுகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்களும் இரண்டு குடும்பமாகச் சேர்ந்து வண்டியை வாடகைக்கு எடுத்து, குக்கர், இட்லித் தட்டு சகிதம் புறப்பட்டுவிடுகிறார்கள்.

அடுப்பு, ஃபிரிட்ஜ், கட்டில், ஷவர், டாய்லெட், டி.வி, ஜெனரேட்டர் என ஒரு வீட்டுக்கு வேண்டிய எல்லாமே வண்டியில் இருக்கும். ஆனால், நம் தெருமுனை டாக்ஸியில்கூட இருக்கிற ஒன்று பல மோட்டார்ஹோம்களில் இருக்காது. அதுதான் ஸ்டெப்னி!

வாங்கும்போது பலர் இதைக் கவனிப்பதில்லை. நடுவழியில் டயர் போன பிறகு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தேடும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்? அதனால் அனுபவசாலிகள் புறப்படும் முன்பே மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடி வைத்துக்கொள்கிறார்கள். ஸ்டெப்னி வேண்டுமா, வேண்டுமென்றால் எங்கே வைப்பது, வைத்தது அவசரத்துக்கு உண்மையிலேயே உதவுமா?

ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர்!

நாம் சாதாரணமாகச் சொல்லும் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு உண்டு. ஆரம்ப கால கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. பஞ்சரானால் நடுரோட்டில் டயரைக் கழற்றி, ஒட்டுப்போட்டு, காற்றடித்து, திரும்ப மாட்டவேண்டும். 1904-ல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத்தில் டேவிஸ் சகோதரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆரக்கால் இல்லாத ஒரு ரிம், அதில் காற்றடித்துத் தயாராக ஒரு டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல், அதன்மேல் இதைக் கவ்வ வைத்து வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம்.

அந்தப் பட்டறை இருந்தது ஸ்டெப்னி தெருவில். தெருவின் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. இங்கிலாந்தில் இன்று அந்தச் சொல் வழக்கில் இல்லை. நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிரேசில் நாட்டில் மாற்று டயரை `எஸ்டெப்பி' என்கிறார்கள். அதுவும் இதே தெருவிலிருந்து போனதுதான்.

அந்தச் சகோதரர்களின் எண்ணம், பயணி யாரையும் எதிர்பார்க்காமல் தானே சமாளித்து ஊர் போய்ச் சேரவேண்டும் என்பது. மோட்டார்ஹோம் விஷயத்தில் சிக்கல் ஆரம்பிப்பது அங்கேதான்.

ஏன் கம்பெனிகள் தருவதில்லை?

முதல் காரணம் எடை. மோட்டார்ஹோம்களை அமெரிக்காவில் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். வேன் அளவில் இருப்பது `பி' வகை. ஓட்டுநர் கேபினுக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருப்பது `சி' வகை. வாடகைக்கு அதிகம் கிடைப்பது இதுதான். பெரிய ஆம்னி பஸ் போல இருப்பது `ஏ' வகை.

`சி' வகை வண்டிகள் பலவற்றில் 16 இன்ச் ரிம் கொண்ட டயர்கள் இருக்கும். டயரும் இரும்பு ரிம்மும் சேர்ந்தால் சுமார் 30 கிலோ. ஒருவர் கஷ்டப்பட்டுத் தூக்கிவிடலாம். `ஏ' வகையில் 19.5 இன்ச் அல்லது 22.5 இன்ச் ரிம். 22.5 இன்ச் என்பது லாரி, பஸ்களுக்குப் போடும் அளவு. டயர் மட்டுமே 50 கிலோவை ஒட்டி வரும். இரும்பு ரிம்மோடு சேர்ந்தால் 80 கிலோவைத் தாண்டும். அறுபது, எழுபது வயதில் ஊர் சுற்றக் கிளம்பிய தம்பதியால் இதை அசைக்கக்கூட முடியாது.

இரண்டாவது, நட்டுகளின் இறுக்கம். காரில் வீல் நட்டை ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் விசையில் இறுக்குவார்கள். 22.5 இன்ச் சக்கரத்தின் நட்டுக்கு 600 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டும். காரில் வரும் வீல் ஸ்பேனர்மீது ஏறி நின்று குதித்தாலும் அது அசையாது.

மூன்றாவது, இடம். வண்டியின் அடியில் இருக்கும் இடத்தையெல்லாம் தண்ணீர் டேங்க், கழிவுநீர் டேங்க், கேஸ், பேட்டரி, ஜெனரேட்டர், சாமான் அறைகள் பிடித்துக்கொள்கின்றன. 22.5 இன்ச் டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அவ்வளவு பெரிய வட்டத்துக்கு எங்கே போவது?

கடைசிக் காரணம் பழக்கம். அங்கே பெரும்பாலானவர்கள் வருடச் சந்தா கட்டி, சாலையோர உதவித் திட்டம் ஒன்றில் சேர்ந்திருப்பார்கள். போன் செய்தால் சர்வீஸ் லாரி வரும். `அவர்கள் வந்து மாற்றப்போகிறார்கள், நாம் ஏன் சுமக்கவேண்டும்?' என்று நினைக்கிறார்கள். பாதி சரியான நினைப்புதான். மீதிப் பாதியில்தான் பிரச்னை.

வருபவர் கையில் உங்கள் டயர் இருக்குமா?

சர்வீஸ் லாரியில் ஜாக்கி இருக்கும், கம்ப்ரஸர் இருக்கும், நட்டைக் கழற்றும் ஏர் கன் இருக்கும். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் டயர் இருக்கும் என்று சொல்லமுடியாது. லாரிகளில் பரவலாக ஓடும் அளவு என்றால் கிடைத்துவிடும். மோட்டார்ஹோம்களில் மட்டுமே அதிகம் புழங்கும் சில அளவுகள் உண்டு. சனிக்கிழமை இரவில் டயர் போனால், திங்கட்கிழமை கடை திறந்து, கிட்டங்கியிலிருந்து வரவழைத்து மாட்டும்வரை காத்திருக்கவேண்டியதுதான். அவசரத்துக்கு வாங்கும்போது விலை, பிராண்டு, தயாரித்த தேதி எதையும் பேரம் பேச முடியாது. கிடைத்ததை மாட்டிக்கொண்டு நகரவேண்டும்.

இங்கேதான் நடுவழியான ஒரு யோசனை பிறந்தது. பெரிய வண்டிக்காரர்கள் பலர் ரிம் இல்லாமல் வெறும் டயரை மட்டும் சாமான் அறையில் படுக்கவைத்து எடுத்துப்போகிறார்கள். 30 கிலோவுக்கு மேல் எடை மிச்சம். சர்வீஸ் ஆள் வந்ததும், இருக்கிற ரிம்மிலேயே இந்த டயரை ஏற்றிக் கொடுத்துவிடுவார். டயர் தேடும் நேரமும் பேரமும் மிச்சமாகும். ரிம்மே நெளிந்துவிட்டால் மட்டும் இந்த யோசனை கைகொடுக்காது.

எங்கே வைப்பது?

ஸ்டெப்னி வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கு அடுத்த கேள்வி இதுதான். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நன்மையும் ஒரு விலையும் உண்டு.

*வண்டிக்கு அடியில்:* நம்மூர் ஜீப், வேன்களில் பார்த்திருப்போம். கேபிளில் தொங்கும் டயரை ஒரு கம்பியைச் சுற்றி இறக்க வேண்டும். எடை தாழ்வாக இருப்பதால் வண்டியின் நிதானம் கெடாது. ஆனால், சேறு, தூசு, பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு எல்லாம் அங்கேதான் போய் ஒட்டும். ஐந்து வருடம் தொடாமல் விட்ட கேபிள் துருப்பிடித்து இறுகிவிடும். தேவைப்படும்போது இறங்காது. அதைவிட மோசம், துருவேறி அறுந்து ஓடும்போதே டயர் சாலையில் விழுவது. பின்னால் வருகிறவரின் உயிருக்கே ஆபத்து. வருடத்துக்கு இரண்டு முறை முழுவதுமாக இறக்கி, துடைத்து, கிரீஸ் வைத்து ஏற்றுவதுதான் ஒரே வழி.

*பின்பக்கச் சுவரில் அல்லது பம்பரில்:* பார்க்க ஜோராக இருக்கும், எடுக்கவும் சுலபம். ஆனால், சுவர் என்பது பெரும்பாலும் மெல்லிய சட்டத்தின்மேல் ஃபைபர் ஷீட் ஒட்டியது. பம்பர் என்று தெரிவது சில வண்டிகளில் மெல்லிய சதுரக் குழாய். 30 கிலோவைத் தொங்கவிட்டு, மேடுபள்ளத்தில் ஆயிரக்கணக்கான முறை குலுக்கினால் வெல்டிங் விரிசல் விடும். சேஸியின் இரும்புச் சட்டத்திலேயே நேரடியாக போல்ட் போட்ட தாங்கிதான் நம்பகமானது. டயர் வந்த பிறகு ரிவர்ஸ் கேமரா, நம்பர் பிளேட், பின் விளக்குகள் மறைகின்றனவா என்றும் பார்க்கவேண்டும். இன்ஜின் பின்பக்கம் உள்ள டீசல் மோட்டார்ஹோம்களில் இந்த இடமே சரிவராது. இன்ஜினுக்குப் போகும் வழியையும் காற்றையும் டயர் அடைத்துவிடும்.

*பின்னால் இழுவைக் கொக்கியில்:* காரை இழுத்துச் செல்ல வைத்திருக்கும் சதுரத் துளையில் ஒரு தாங்கியைச் செருகி டயரை மாட்டுவார்கள். ஊஞ்சல் கதவுபோலத் திறக்கும் வகையும் உண்டு. ஆனால், பலர் மோட்டார்ஹோமுக்குப் பின்னால் ஒரு சின்ன காரையும் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். இரண்டுக்கும் ஒரே துளை என்றால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

*இழுத்துச் செல்லும் காரின் டிக்கியில்:* `சி' வகை வண்டிக்காரர்களுக்கு நல்ல தீர்வு. மோட்டார்ஹோமின் சுமை ஏறாது. இழுக்கும் மொத்த எடையின் வரம்பை மட்டும் கணக்குப் பார்க்கவேண்டும்.

*கூரைமேல்:* சிலர் யோசிப்பதுண்டு, தவிர்ப்பதே நல்லது. ஏற்கெனவே உயரமான வண்டி. மேலே எடை ஏற ஏற வளைவில் சாயும் போக்கு கூடும். 30 கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் இறங்குவது, பஞ்சரைவிடப் பெரிய விபத்தில் முடியலாம்.

80 கிலோ எப்படி 128 கிலோ ஆகிறது?

பின்னால் தொங்கவிடுபவர்கள் தவறவிடும் கணக்கு ஒன்று இருக்கிறது. பூங்காவில் சிறுவர்கள் ஆடும் சீசாவை நினைத்துக்கொள்ளுங்கள். நுனியில் உட்காரும் பிள்ளையின் எடை அதிகமாக வேலை செய்யும் இல்லையா? அதேதான் இங்கேயும்.

ஒரு வண்டியின் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் 3 மீட்டர் தள்ளி 80 கிலோ டயரைத் தொங்கவிட்டால், பின் ஆக்ஸிலில் ஏறுவது 80 கிலோ அல்ல, 128 கிலோ. அந்த உபரி 48 கிலோ முன் ஆக்ஸிலிலிருந்து பறிபோகிறது. முன் சக்கரத்தில் எடை குறைந்தால் ஸ்டீயரிங் லேசாகும். பக்கக் காற்று அடித்தால் வண்டி அலையும். பின் டயர்கள் ஏற்கெனவே வரம்பை ஒட்டி இருந்தால் இந்தச் சுமையே அவற்றை வெடிக்க வைக்கக்கூடும். டயர் வெடித்தால் உதவட்டும் என்று வைத்த டயரே வெடிப்புக்குக் காரணமாவது எவ்வளவு பெரிய வேடிக்கை!

அமெரிக்காவில் விற்கும் மோட்டார்ஹோம்களில் எவ்வளவு எடைவரை ஏற்றலாம் என்ற விவரம் ஸ்டிக்கரில் ஒட்டப்பட்டிருக்கும். ஆட்கள், உடைமைகள் எல்லாம் அதற்குள்தான் அடங்கவேண்டும். 80 கிலோ ஸ்டெப்னி ஏற்றினால், 80 லிட்டர் தண்ணீரையோ அந்த அளவு சாமானையோ குறைக்கவேண்டி வரலாம். நெடுஞ்சாலை லாரி நிலையங்களில் ஒவ்வோர் ஆக்ஸிலையும் தனித்தனியே எடைபோடும் மேடைகள் உண்டு. குடும்பம், தண்ணீர், சாமான், ஸ்டெப்னி என எல்லாவற்றோடும் ஒருமுறை ஏறி இறங்கினால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இரட்டை டயரின் கண்ணாமூச்சி

`சி' வகை வண்டிகளிலும் பெரிய வண்டிகளிலும் பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டு டயர்கள். உள் டயரில் காற்று போனால் டிரைவருக்குச் சட்டென்று தெரியாது. வெளி டயர் தாங்கிக்கொண்டிருக்கும். `இன்னொன்று இருக்கிறதே, மெள்ளப் போய்விடலாம்' என்று ஓட்டினால், இருவர் சுமையை ஒருவர் சுமந்து அதுவும் வெடிக்கும். ஸ்டெப்னி ஒன்றுதான், போனது இரண்டு டயர்!

ஜோடி டயர்களின் உயரம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். தேய்ந்த டயருக்குப் பக்கத்தில் புத்தம்புது ஸ்டெப்னியை மாட்டினால், உயரமானது அதிகச் சுமையைத் தாங்கிச் சூடாகும், குட்டையானது இழுபட்டுத் தேயும். எனவே, பின்னால் மாட்டிய ஸ்டெப்னியோடு நிதானமான வேகத்தில் அடுத்த டயர் கடைவரை போகலாம். ஊர் திரும்பும்வரை அப்படியே ஓட்டக் கூடாது.

வாங்கும்போதே ரிம்மையும் சரிபார்க்கவேண்டும். சில பெரிய வண்டிகளில் முன்னால் அலுமினிய ரிம், பின்னால் உள்பக்கம் இரும்பு ரிம் என்று கலந்திருக்கும். எடுத்துப்போகிற ஸ்டெப்னி எல்லா இடத்துக்கும் பொருந்துமா, அதற்கேற்ற நட்டுகள் இருக்கின்றனவா என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுவது உத்தமம்.

ஓடாத டயருக்கும் வயதாகும்

`ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயர், பட்டன் அப்படியே இருக்கு' என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. ரப்பர் தேய்வதால் மட்டும் கெடுவதில்லை. காற்றின் ஆக்ஸிஜனும் ஓசோனும், வெயிலின் புற ஊதாக் கதிர்களும் அதை உள்ளுக்குள் இறுகவைக்கின்றன. இதைத் தடுக்க ரப்பரோடு மெழுகு போன்ற பாதுகாப்புப் பொருள்களைக் கலந்திருப்பார்கள். டயர் ஓடி வளைந்து நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்கு வந்து வேலை செய்யும். சும்மா கிடக்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. பின்பக்கம் வெயிலைப் பார்த்தபடி தொங்கும் ஸ்டெப்னிதான் எல்லோருக்கும் முன்பாகக் கிழடாகிறது.

வயதைக் கண்டுபிடிப்பது சுலபம். டயரின் பக்கச்சுவரில் ஆங்கிலத்தில் டி.ஓ.டி என்ற எழுத்துகளோடு ஒரு குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள்தான் பிறந்த தேதி. 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். சில வாகன நிறுவனங்கள் 6 வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. மிஷலின் நிறுவனம், 5 வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், தயாரித்து 10 வருடமான டயரைத் தேய்மானம் இல்லாவிட்டாலும் மாற்றவும் பரிந்துரைக்கிறது. ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

எல்லா டயர்களையும் மாற்றும்போது, பழையதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி ஸ்டெப்னியாக வைப்பது பலர் செய்யும் சிக்கனம். ஆறு வருடம் உழைத்துக் கழிந்த டயர் அது. இன்னும் நான்கு வருடம் வெயிலில் தொங்கிவிட்டு, ஒரு கோடைக்கால மதியத்தில் முழுச் சுமையைத் தாங்கு என்றால் தாங்குமா? எல்லாச் சக்கரமும் ஒரே அளவு என்றால், ஸ்டெப்னியையும் சுழற்சி முறையில் மாற்றி மாற்றி ஓட்டுவது நல்ல பழக்கம். அதற்கும் உழைப்பு கிடைக்கும், மற்றவற்றுக்கும் ஓய்வு கிடைக்கும்.

வெயில்படும் இடத்தில் இருந்தால் வெள்ளை நிற உறை போடுங்கள். காற்றை மாதம் ஒருமுறை பாருங்கள். கார் டயருக்கு 30-35 பி.எஸ்.ஐ போதும். `சி' வகை வண்டியின் டயர் 80 பி.எஸ்.ஐ வரை காற்றைத் தாங்கும். பெரிய வண்டியில் 100-க்கு மேல். ஸ்டெப்னியில் டயருக்கு அனுமதித்த உச்ச அளவுவரை காற்று வைத்திருந்தால், தேவைப்படும்போது குறைத்துக்கொள்ளலாம். நடுக்காட்டில் குறைப்பது சுலபம், ஏற்றுவதுதான் கஷ்டம். வண்டிக்கு அடியில் வால்வு எட்டாத டயருக்கு நீட்டிப்புக் குழாய் போட்டுக்கொண்டால், படுத்துப் புரளாமல் காற்றைச் சோதிக்கலாம்.

நாமே மாற்றலாமா?

16 இன்ச் வண்டி என்றால், பயிற்சியும் சரியான ஜாக்கியும் இருந்தால் முடியும். 22.5 இன்ச் என்றால் ஆளை வரவழைப்பதுதான் புத்திசாலித்தனம். இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு. வண்டியைச் சமமாக நிறுத்துவதற்காக நான்கு மூலையிலும் ஹைட்ராலிக் ஜாக்கிகள் இருக்கும். பட்டனைத் தட்டினால் வண்டி எழும். `அதான் ஜாக்கி இருக்கே' என்று அதை நம்பி டயரைக் கழற்றக் கூடாது என்று வண்டி நிறுவனங்களே எச்சரிக்கின்றன. அது நிற்கும் வண்டியை மட்டப்படுத்த மட்டுமே. சரிந்தால் அடியில் இருப்பவர்மேல் பல டன் எடை விழும்.

சாலையின் ஆபத்து தனி. போக்குவரத்து ஓடும் பக்கம் டயர் போயிருந்தால், உட்கார்ந்து நட்டைக் கழற்றுபவரின் முதுகை உரசிக்கொண்டு லாரிகள் பறக்கும். ஓரம் நிற்கும் அவசர ஊர்திகளைக் கண்டால் வேகம் குறைக்கவோ விலகவோ வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவின் 50 மாகாணங்களிலும் இருக்கிறது. ஆனாலும் சட்டத்தை நம்பி முதுகைக் காட்டமுடியாது. மெள்ள உருட்டிக்கொண்டுபோய் அகலமான, சமமான இடத்தில் நிறுத்துவதால் டயரும் ரிம்மும் வீணாகலாம். உயிரைவிட ரிம் பெரிதல்ல. வண்டி நின்றதும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் சாலைப் பக்கம் இல்லாத வழியாக இறக்கி, தடுப்பு வேலிக்கு அப்பால் தள்ளி நிறுத்துவதுதான் முதல் வேலை. ஜாக்கியெல்லாம் அப்புறம்.

மாட்டிய பிறகு 80 முதல் 160 கி.மீ ஓடியதும் நிறுத்தி, நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கவேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

பாதைதான் தீர்மானிக்கும்

அப்படியானால் ஸ்டெப்னி வேண்டுமா, வேண்டாமா? வண்டியைப் போலவே போகும் பாதையும் இதற்குப் பதில் சொல்லும்.

பெரிய இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில், ஊருக்கு ஊர் டயர் கடை இருக்கும் வழியில் போகிறவர்கள், நல்ல உதவித் திட்டத்தை நம்பிப் போகலாம். நெவாடா மாகாணத்தில் யு.எஸ்.50 சாலை இருக்கிறது. 1986-ல் `லைஃப்' பத்திரிகை அதை `அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை' என்று எழுதியது. ஃபாலன் ஊரை விட்டால் அடுத்த ஊரான ஆஸ்டின் சுமார் 175 கி.மீ தள்ளி. நடுவில் மலை, பாலைவனம், மறுபடி மலை. மொபைல் சிக்னல் எல்லா இடத்திலும் எடுக்காது. போன் போகாத இடத்தில் எந்த உதவித் திட்டமும் உதவாது.

அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலை இன்னும் கடுமை. 666 கி.மீ, பெரும்பகுதி சரளைக்கல். கோல்டுஃபுட் என்ற இடத்தைத் தாண்டினால் 380 கி.மீ-க்கு மேல் பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. அந்தப் பகுதியை நிர்வகிக்கும் அரசுத் துறை, ரிம்மில் ஏற்றித் தயாராக உள்ள முழு அளவு டயர்கள் இரண்டாவது கொண்டுவாருங்கள் என்று பயணிகளுக்குச் சொல்கிறது. அங்கே ஸ்டெப்னி இல்லாமல் போவதைத் துணிச்சல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வாடகை வண்டி எடுப்பவர்கள் சாவி வாங்கும்போதே கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. ஸ்டெப்னி இருக்கிறதா? இல்லையென்றால் எந்த எண்ணுக்கு அழைக்கவேண்டும்? புது டயரின் விலை யார் தலையில்? டயர்களின் டி.ஓ.டி தேதி என்ன? ஒப்பந்தத்தில் சரளைச் சாலைகளுக்குத் தடை இருக்கிறதா? பிள்ளைகள் எந்தக் கட்டில் யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் இதை முடித்துவிடலாம்.

நம் ஊருக்கும் இது பொருந்தும்

நம் நாட்டிலும் கேரவன் சுற்றுலா எட்டிப் பார்க்கிறது. கேரள அரசு 2021-ல் `கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்தது. கார்களிலோ ஸ்டெப்னி மெள்ள விடைபெறுகிறது. 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 3.5 டன்வரை உள்ள பயணிகள் கார்களில், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஆணி குத்திய பஞ்சருக்கு அந்த கிட் போதும். பக்கச்சுவர் கிழிந்தாலோ டயர் வெடித்தாலோ அது உதவாது. புது கார் வாங்குபவர்கள் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

புறப்படும் முன் ஒரு சோதனை

மோட்டார்ஹோமோ, டெம்போ டிராவலரோ, வீட்டு காரோ... குடும்பத்தோடு நீண்ட பயணம் கிளம்பும் முன் அரை மணி நேரம் ஒதுக்கி இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

* ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, வெளியே எடுக்க வருகிறதா? ஒருமுறை எடுத்தே பாருங்கள்.

* தயாரித்த வாரம், வருடம் என்ன? பக்கச்சுவரில் வெடிப்புக் கோடுகள் இருக்கின்றனவா?

* காற்று சரியாக இருக்கிறதா? காலையில் வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு.

* அளவும் சுமை தாங்கும் குறியீடும் மற்ற டயர்களோடு ஒத்துப்போகின்றனவா?

* ஜாக்கி, ஸ்பேனர், ஜாக்கிக்கு அடியில் வைக்கக் கனமான பலகை, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, பிரதிபலிக்கும் முக்கோணம், டார்ச், கையுறை கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா?

* உதவி எண்ணைக் குடும்பத்தில் இரண்டு பேராவது எழுதி வைத்திருக்கிறார்களா? டயரின் அளவையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், போனில் `என்ன சைஸ்?' என்று கேட்கும்போது திணறவேண்டாம்.

* ஸ்டெப்னி இல்லாத வண்டி என்றால், போகும் வழியில் எந்தெந்த ஊரில் டயர் கடை இருக்கிறது, எங்கே சிக்னல் கிடைக்காது என்பதைக் குறித்துக்கொண்டீர்களா?

ஸ்டெப்னி எடுத்துப்போவதும் போகாததும் அவரவர் வண்டியையும் வழியையும் பொறுத்த முடிவு. அதைச் சாலையோரத்தில் நின்றுகொண்டு எடுக்காமல், வீட்டு வாசலிலேயே எடுத்துவிட்டால் பாதி ஆபத்து அங்கேயே விலகிவிடும்.